டவர் சாய்ந்த பிறகும் பேச ஒரு வழி: கடலோர ஊர்களுக்கான செயற்கைக்கோள் தொடர்பு, முழுமையான வழிகாட்டி

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளில் 10ஆம் எண் வரை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். 11ஆம் எண் என்று ஒன்று உண்டு. புயல் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். எச்சரிக்கை முறையை வகுத்தவர்கள் தொடர்பு அறுவதையே தனி ஆபத்தாக எண்ணி அதற்கென்று ஒரு கூண்டு வைத்திருக்கிறார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் போனால் செல்போன் டவரின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அதற்குப் பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வர வேண்டும். டீசல் வரச் சாலை திறந்திருக்க வேண்டும். சாலையில் மரம் கிடக்கிறது என்று சொல்லவே போன் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியபோது ஸ்ரீவைகுண்டம் பக்கமும் இதே முடிச்சுதான் விழுந்தது.

செயற்கைக்கோளைப் புயல் தொடுவதில்லை. அது 35,786 கி.மீ. உயரத்தில் தன் பாட்டுக்கு நிற்கிறது. அப்படியிருந்தும் நிவாரண முகாம்களில் செயற்கைக்கோள் இணைப்பு கைவிடுகிறது என்றால், காரணம் பெரும்பாலும் தரையில் இருக்கும். சார்ஜ் இல்லாத பேட்டரி, தண்ணீர் புகுந்த கனெக்டர், செப்டம்பரில் ஒருமுறைகூட எடுத்துப் பார்க்காத கைபேசி, ஒரே வீடியோவில் மூச்சு முட்டிய லைன் என்று வரிசையாகச் சொல்லலாம். இந்த வழிகாட்டி அந்தத் தரை வேலையைப் பற்றியது. நாகை, வேதாரண்யம் கடற்கரையை எடுத்துக்காட்டாக வைத்து, வட்ட அளவில் முகாம் நடத்தும் அலுவலர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் தன்னார்வக் குழுக்களுக்கும் எழுதப்பட்டது.

எந்த வேலைக்கு எந்தக் கருவி

பேசுவதற்குச் செயற்கைக்கோள் கைபேசி, தரவுக்கு விசாட் (டிஷ் வைத்துச் செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் சிறு நிலையம்), ஊருக்குள் வாக்கிடாக்கி. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பயன். செயற்கைக்கோள் கைபேசியைத் தெருத்தெருவாகக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் தேவையில்லை. முகாமில் ஒன்று இருந்து, அங்கிருந்து நாலைந்து கி.மீ. சுற்றளவுக்கு உரிமம் பெற்ற வி.எச்.எப். வாக்கிடாக்கிகள் போனால் ஒரு வட்டாரம் முழுவதும் காது கேட்கும்.

ஒரு வட்டத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பது: தாசில்தார் முகாம், அரசு மருத்துவமனை, கடலோரப் புயல் பாதுகாப்பு மையம் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாக மூன்று செயற்கைக்கோள் கைபேசிகள், புயல் பாதுகாப்பு மையத்தின் மாடியில் 1.2 மீட்டர் டிஷ் கொண்ட ஒரு விசாட், பத்து வாக்கிடாக்கிகள். இதற்குக் குறைவாகத்தான் பணம் இருக்கிறது என்றால் விசாட்டை விடுங்கள், கைபேசிகளை விடாதீர்கள். முதல் 48 மணி நேரத்தில் உயிரைக் காப்பது குரல்தான். இணையம் அதற்குப் பிறகு வரலாம்.

வாங்கும் முன் ஊரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று ஒரு நடை நடந்து பாருங்கள். கிராமப்புற ஏ.டி.எம்.கள், வங்கிக் கிளைகள், பெட்ரோல் பங்குகள் சிலவற்றின் மாடியில் விசாட் டிஷ் இருக்கும். அவற்றை முகாமுக்குத் திருப்பிவிட முடியாது. ஆனால் ஃபைபர் கேபிள் அறுந்த ஊரில் எந்தக் கிளை இன்னும் உயிரோடு இருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால், பணம் எடுக்க மக்களை எங்கே அனுப்புவது என்பதும் தெரியும்.

அனுமதி

இதில் அலட்சியம் கூடாது. இந்தியாவில் செயற்கைக்கோள் கைபேசி என்றால் நடைமுறையில் பி.எஸ்.என்.எல். வழியாக வரும் இன்மார்சாட் இணைப்புதான். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் துரையா, இரிடியம் ஆகிய பிற செயற்கைக்கோள் சேவைகளின் கருவிகளைக் கையில் வைத்திருப்பதே குற்றம். மலையேறுபவர்கள் பயன்படுத்தும் சிறிய செயற்கைக்கோள் செய்திக் கருவிகளும் இதில் அடங்கும். பையில் அது இருந்ததற்காக வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே கைதாகியிருக்கிறார்கள். நிவாரணத்துக்கு வரும் வெளிநாட்டு நண்பர் அதைக் கொண்டுவருவதாகச் சொன்னால், புறப்படும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கைபேசி யார் பெயரில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்ற பதிவேட்டையும் அனுமதிக் கடிதத்தின் நகலையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அதே பெட்டியில் வையுங்கள். இரவு இரண்டு மணிக்குச் சோதனைச் சாவடியில் கேட்பவருக்கு அந்தத் தாள்தான் பதில். சந்தா காலாவதியாவதும் இங்கேதான் கவனிக்க வேண்டியது. ஆண்டு முழுக்கப் பெட்டியில் தூங்கும் சிம், புயல் அன்று செத்துக் கிடக்கும். புதுப்பிக்கும் தேதியைக் கருவியின் முதுகிலேயே எழுதி ஒட்டுங்கள்.

கைபேசியைப் பழகுதல்

இன்மார்சாட்டின் ஐசாட்போன் 2 சுமார் 318 கிராம் எடை. முழு சார்ஜில் 8 மணி நேரம் பேசலாம், 160 மணி நேரம் காத்திருப்பில் இருக்கும். மழைத் தூறலைத் தாங்கும், ஆனால் தண்ணீரில் மூழ்கக் கூடாது.

1. திறந்த வெளிக்கு வாருங்கள். தகரக் கூரை, கான்கிரீட் தளம், ஜீப்பின் உள்பக்கம் எதிலும் எடுக்காது. ஜன்னல் ஓரம் நின்று போராடி நேரத்தை வீணாக்காதீர்கள்.
2. ஆன்டெனாவை முழுவதும் விரித்து வானத்தை நோக்கி நிமிர்த்துங்கள். காதில் வைக்கும்போது தலையோடு சேர்த்து அதுவும் சாய்ந்துவிடும். பாதி அழைப்புகள் அறுவது இதனால்தான். ஹெட்செட் மாட்டிக்கொண்டால் ஆன்டெனா நேராக நிற்கும்.
3. கருவி முதலில் தான் எங்கே இருக்கிறது என்று ஜி.பி.எஸ். வழியாகக் கண்டுபிடிக்கும். நெடுநாள் அணைந்திருந்தால் இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை நெட்வொர்க் வராது. கெட்டுவிட்டது என்று அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் தேடல் முதலிலிருந்து தொடங்கும்.
4. பதிவானதும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை அழையுங்கள். 1077, 1070 போன்ற சுருக்க எண்கள் செயற்கைக்கோள் இணைப்பிலிருந்து போகும் என்று நம்பியிருக்க வேண்டாம். அந்த அறையின் முழுத் தரைவழி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு சேமித்து வையுங்கள். எண்ணுக்கு முன்னால் என்ன போட வேண்டும் என்பதைச் சோதனை அழைப்பில் ஒருமுறை போட்டுப் பார்த்து அட்டையில் எழுதி ஒட்டுங்கள்.
5. பேசி முடித்ததும் ஒவ்வொருவரும் "ஓவர்" சொல்லுங்கள். குரல் மேலே போய்க் கீழே வரக் கால் வினாடி, பதில் திரும்ப இன்னொரு கால் வினாடி. பழகாதவர்கள் அந்த இடைவெளியில் "ஹலோ, ஹலோ" என்று ஒருவர் மேல் ஒருவர் பேசிவிடுவார்கள்.

இரண்டு செயற்கைக்கோள் கைபேசிகளுக்கு இடையே பேசினால் தாமதம் இரட்டிப்பாகும். குரல் ஒரு கைபேசியிலிருந்து வானம் போய், தரை நிலையத்துக்கு இறங்கி, மறுபடி வானம் போய் இன்னொரு கைபேசிக்கு வரும். மூன்று முகாம்களும் தங்களுக்குள் பேசிக்கொள்வதை விட, மூன்றும் மாவட்டத்தின் தரைவழி எண்ணோடு பேசுவது நல்லது.

உள்வரும் அழைப்பை நம்பி ஆன்டெனாவை விரித்து வைத்துக்கொண்டு ஒருவர் நாள் முழுக்க மாடியில் நிற்க முடியாது. அழைப்பு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். காலை 6, 9, 12 என்று மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் போதும். பேட்டரி இரண்டு மடங்கு நாள் வரும்.

குறுஞ்செய்தியில் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. ரோமன் எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடமிருக்கும். யுனிகோடு தமிழில் 70தான். அதிலும் நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்து வேறு, கருவி எண்ணும் எழுத்து வேறு. "வேதாரண்யம்" என்பதை நாம் ஆறு எழுத்தாகப் படிக்கிறோம். கருவிக்கு அது பத்து: வ, அதன் ஏகாரக் குறி, த, அதன் கால், ர, ண, புள்ளி, ய, ம, புள்ளி. ஊர்ப்பெயர் இரண்டும் எண்ணிக்கை மூன்றும் எழுதுவதற்குள் இடம் தீர்ந்துவிடும். ஆகவே செயற்கைக்கோள் குறுஞ்செய்தியை மட்டும் ரோமன் எழுத்தில் தமிழாகவே தட்டுங்கள்.

விசாட்டை நிறுத்துதல்

இதுதான் அதிகம் தவறும் வேலை. பொறுமையாகச் செய்தால் இருவர் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கலாம்.

வட இந்தியாவில் எழுதிய கையேடுகளை அப்படியே பின்பற்றினால் நம் கடற்கரையில் குழப்பம் வரும். பூமத்திய ரேகைக்கு நாம் அருகில் இருப்பதால் செயற்கைக்கோள் நமக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. 83 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-30 செயற்கைக்கோளை நாகப்பட்டினத்திலிருந்து பார்க்க, திசைகோண் (வடக்கிலிருந்து வலமாக அளக்கும் கோணம்) சுமார் 163.5 டிகிரி, அதாவது தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கு. ஏற்றக்கோண் (தரைமட்டத்திலிருந்து மேல்நோக்கி அளக்கும் கோணம்) சுமார் 77 டிகிரி. 74 டிகிரி கிழக்கில் உள்ள செயற்கைக்கோள் என்றால் திசைகோண் 209, ஏற்றக்கோண் 76. உங்கள் சேவை எந்தக் கோளில் ஓடுகிறது என்று நிறுவனத்தின் தாளைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இவ்வளவு உயரமாகப் பார்ப்பதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. 10 மீட்டர் தென்னை டிஷ்ஷுக்கு இரண்டரை மீட்டர் அருகில் நின்றால்தான் மறைக்கும். ஆனால் விழுந்தால் 10 மீட்டர் தூரத்துக்கு விழும். மறைப்பைக் கணக்கிட்டு இடம் தேடாமல், மரம் விழும் தூரத்தைக் கணக்கிட்டுத் தேடுங்கள்.

1. மாடியில் தூணை நிறுத்துங்கள். ரசமட்டத்தைத் தூணின் ஒரு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு 90 டிகிரி சுற்றிவந்து மறு பக்கத்திலும் பாருங்கள். தூண் இரண்டு டிகிரி சாய்ந்தாலே மேலே உள்ள கணக்கெல்லாம் பொய்.
2. தளத்தில் துளையிடாமல் வைக்கும் சட்டம் என்றால் 25 கிலோ மணல் மூட்டை எட்டு, நாலு மூலைக்கும் சமமாக. மணிக்கு 60 கி.மீ. காற்று 1.2 மீ. டிஷ்ஷை 20 கிலோவுக்கு மேல் தள்ளும். வேகம் இரட்டித்து 120 ஆனால் தள்ளும் விசை நாலு மடங்கு, 90 கிலோவைத் தொடும்.
3. முதலில் ஏற்றக்கோணைச் சரிசெய்யுங்கள். ஃபீட் (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று அலையை வாங்கி அனுப்பும் முனை) ஓரத்தில் நிற்கும் வகை டிஷ்ஷில் முகம் பார்க்கும் திசையும் அலைக்கற்றை போகும் திசையும் ஒன்றல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 22 டிகிரி என்று வைத்தால், 77 டிகிரிக்கு முகத்தை நிமிர்ந்த நிலையிலிருந்து 55 டிகிரிதான் பின்னால் சாய்க்க வேண்டும். சாய்வுமானியை முகத்தில் வைத்து 77 என்று அளந்துவிட்டு, சிக்னல் இல்லை என்று அரை நாள் தேடுவது வழக்கமான பிழை.
4. பிறகு திசைகோண். திசைகாட்டியைக் கையில் பிடித்து, இரும்புத் தூணிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி நின்று, தூரத்தில் ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொண்டு டிஷ்ஷைத் திருப்புங்கள். நம் பக்கம் காந்த விலக்கம் சொற்பம்தான், பொருட்படுத்த வேண்டியதில்லை. உச்சிக்கு அருகில் பார்ப்பதால் தூணைச் சுற்றி டிஷ்ஷை ஒரு டிகிரி திருப்பினாலும் கற்றை வானத்தில் கால் டிகிரிக்கும் குறைவாகவே நகரும். ஏற்றக்கோணிலோ ஒரு டிகிரி என்றால் முழு ஒரு டிகிரி. எனவே திசையைத் தாராளமாக அசைத்துத் தேடலாம். ஏற்றத்தை மயிரிழையாக நகர்த்த வேண்டும். 1.2 மீ. டிஷ்ஷின் கேயூ பேண்ட் (இந்த விசாட் பயன்படுத்தும் அலைவரிசை) கற்றையே ஒன்றரை டிகிரிக்குள்தான், 0.7 டிகிரி பிசகினால் சிக்னல் பாதி.
5. ஃபீட்டைச் சுழற்றித் துருவத்தை, அதாவது அலை அதிரும் தளத்தை, செயற்கைக்கோளின் அலையோடு பொருத்துங்கள். நாகையிலிருந்து ஜிசாட்-30க்குச் சுமார் 16 டிகிரி, 74 டிகிரி கோளுக்கு 28. எந்தப் பக்கம் என்பது தாளில் இருக்கும்.
6. மோடத்தில் சிக்னல் பூட்டியதும் மகிழ்ந்துவிடாதீர்கள். பக்கத்துக் கோளின் சிக்னலாகவும் இருக்கலாம். நெட்வொர்க் அடையாள எண் பொருந்துகிறதா என்று பாருங்கள்.
7. உச்ச சிக்னல் கிடைத்த இடத்தில் போல்ட்டுகளைக் கால் கால் திருப்பாக, எதிரெதிராக முறுக்குங்கள். ஒன்றை முழுசாக முறுக்கினால் டிஷ் நகரும். ஒவ்வொரு திருப்புக்கும் அளவைப் பாருங்கள்.
8. நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையத்தை அழைத்துத் துருவச் சோதனை முடித்த பிறகே ஒலிபரப்பைத் தொடங்குங்கள். உங்கள் பிசகு இன்னொருவரின் அலைவரிசையைக் கெடுக்கும். ஒலிபரப்பு ஓடும்போது ஃபீட்டுக்கும் டிஷ்ஷுக்கும் நடுவில் கையோ தலையோ போகக் கூடாது.
9. கடைசியில் தூணிலும் சட்டத்திலும் பெயிண்ட்டால் கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை கோட்டுக்குக் கோடு வைத்தால் பத்து நிமிட வேலை.

கேபிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர்.ஜி.-6 கேபிள் 30 மீட்டருக்குள் இருக்கட்டும். கனெக்டரில் நீளுகிற செம்புக் கம்பியைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். பளபளவென்று இருந்தால் சரி. நுனியில் பச்சை படர்ந்திருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. வெட்டி எறிந்து புதிதாக மாட்டுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓடு வேய்வதைப் போல மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூட வேண்டும். கனெக்டருக்கு முன்னால் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால், வழிந்து வரும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

மழையில் மங்கினால்

கேயூ பேண்ட் கனமழையில் மங்கும். மோடம் தானாக வேகத்தைக் குறைத்துப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும், முடியாவிட்டால் விட்டுவிடும். மழை தணிந்ததும் தானாக ஏறும். அந்த அரை மணி நேரத்தில் யாரோ ஒருவர் ஸ்பேனரோடு மாடி ஏறி டிஷ்ஷைத் திருப்பிவிடுவது, நல்ல இணைப்பை நாள் முழுக்க இழக்கும் வழி. மழையில் போல்ட்டைத் தொடக் கூடாது என்று மோடத்தின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். மழை நின்று பத்து நிமிடமாகியும் ஏறவில்லை என்றால் ஃபீட்டின் வாய்மூடியில் இலையோ நீர்ப்படலமோ இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். நடுவில் ஃபீட் நிற்கும் பெரிய டிஷ்கள் நம் ஊரில் வானம் பார்த்துக் கிடப்பதால் சட்டி போல நீர் பிடிக்கும். அடியிலுள்ள வடிதுளையைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், பகலில் சில நிமிடங்கள் சூரியன் கோளுக்கு நேர் பின்னால் வந்து இணைப்பு அறும். அந்த நாட்களில் சோதித்துப் பார்க்கும்போது இது நேர்ந்தால் கருவி கெட்டதாக எண்ண வேண்டாம்.

மின்சாரம்

எங்கள் கணிப்பில், கைவிட்ட இணைப்புகளில் பெரும்பாலானவற்றின் மூலக் காரணம் இதுதான். கணக்கைக் காகிதத்தில் போடுங்கள். மோடமும் மாடியிலுள்ள ஒலிபரப்பியும் சேர்ந்து 60 வாட், வைஃபை ரூட்டர் 10, ஒரு லேப்டாப் 40. மொத்தம் 110 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓட்டினால் 1,320 வாட்-மணி. இன்வெர்ட்டரில் 15 சதவீதம் வீணாகும். ஆகவே பேட்டரியிலிருந்து சுமார் 1,550 எடுக்க வேண்டும். 12 வோல்ட் 150 ஏ.எச். ட்யூபுலர் பேட்டரி எழுத்தில் 1,800 வாட்-மணி. ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும், 900தான் நம்பலாம். ஆக ஒரு நாளுக்கு இரண்டு பேட்டரி.

அடுத்த நாளுக்கு நிரப்ப 2 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் வகை பெட்ரோல் ஜெனரேட்டர் ஐந்தாறு மணி நேரம் ஓட வேண்டும். மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் குடிக்கும். நாளுக்கு 4 லிட்டர், ஐந்து நாளுக்கு 20. கரண்ட் இல்லாத பங்கில் பெட்ரோல் பம்ப் ஓடாது. புயலுக்கு முன்பே வாங்கி, கட்டடத்துக்கு வெளியே நிழலில் பூட்டி வையுங்கள். ஜெனரேட்டரை ஒருபோதும் முகாமுக்குள்ளோ தாழ்வாரத்திலோ ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். மழையென்றால் வெளியே தகரம் மறைத்து ஓட்டுங்கள்.

சூரியத் தகடு நல்லதுதான், ஆனால் புயல் நாளின் மேகத்தில் அது பெயருக்குத்தான் தரும். மீட்பு வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லைனை அடைக்காமல் வைத்தல்

மேலே அனுப்பும் வேகம் நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். 200 கே.பி. புகைப்படம் இரண்டு வினாடியில் போய்விடும். 16 எம்.பி. வீடியோ இரண்டு நிமிடத்துக்கு மேல் லைனைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டு நிமிடமும் மருத்துவரின் அழைப்பு கரகரக்கும். முகாமில் இருப்பவர்களின் முப்பது செல்போன்களும் வைஃபையில் ஏறினால், அவை தாமாகவே பழைய கல்யாணப் போட்டோக்களை கூகுளுக்கு ஏற்றத் தொடங்கிவிடும். லேப்டாப் தன் பங்குக்கு விண்டோஸ் புதுப்பிப்பை இழுக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது, ஆனால் லைன் போச்சு.

ரூட்டரில் இரண்டு வைஃபை போடுங்கள். ஒன்று அலுவலுக்கு: கடவுச்சொல் மூவருக்கு மட்டும், குரலுக்கு முன்னுரிமை. ஒரு குரல் அழைப்புக்கு நொடிக்கு 30 கிலோபிட் ஒதுக்கினால் போதும். மற்றது மக்களுக்கு: வாட்ஸ்அப் எழுத்தும் குரலும் மட்டும் திறந்து, வேகத்துக்கு உச்சவரம்பு வைத்து, மாலை 5 முதல் 8 வரை. மக்களுக்கான வைஃபையை அடியோடு மூடிவிடாதீர்கள். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைக்கு "உசுரோட இருக்கோம்" என்று ஒரு வரி போய்ச் சேருவதும் நிவாரணம்தான். அது போகாவிட்டால் அந்தப் பிள்ளை கட்டுப்பாட்டு அறைக்கு நாற்பது முறை போன் போடுவார்.

செய்தியை எப்படிச் சொல்வது

"இங்க நெலமை ரொம்ப மோசம், சீக்கிரம் வாங்க" என்பதை வைத்துக் கட்டுப்பாட்டு அறையால் எதையும் அனுப்ப முடியாது. பேசும் முன் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக:

நேரம் 06.40. கோடியக்கரை புயல் பாதுகாப்பு மையம். மொத்தம் 214 பேர். நிறைமாதக் கர்ப்பிணி 2, டயாலிசிஸ் நோயாளி 1. குடிநீர் இன்று மாலை வரை. வேதாரண்யம் சாலை மரம் விழுந்து அடைப்பு, ஜே.சி.பி. தேவை. அடுத்த அழைப்பு 09.00.

எண்ணைத் தனித்தனி இலக்கமாகப் படியுங்கள்: "இரண்டு, ஒன்று, நான்கு". தாமதமும் கரகரப்பும் உள்ள லைனில் ஐம்பதும் ஒன்பதும் குழம்பும். எதிர்முனையில் உள்ளவர் திருப்பிப் படிக்கும் வரை வைக்காதீர்கள். முகாமில் ஒரு நோட்டில் அழைப்பின் நேரம், சொன்னது, கேட்டது, யார் என்று நாலு பத்தி போட்டு எழுதுங்கள். அடுத்த ஷிப்டுக்கு வருபவருக்கு அதுவே கண்.

கூண்டு ஏறிய பிறகு

செப்டம்பர் முதல் வாரத்தில் முழு ஒத்திகை. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானதும் எல்லாப் பேட்டரியையும் நிரப்பி, மூன்று கைபேசியிலும் சோதனை அழைப்பு. உள்ளூர் எச்சரிக்கையான 3ஆம் எண் கூண்டு ஏறியதும் பெட்ரோல், அனுமதித் தாள், ஆட்கள் ஆகியவற்றைச் சரிபார்த்து முகாமில் இருத்துங்கள். காற்று மணிக்கு 60 கி.மீ.யை நெருங்கும்போது டிஷ்ஷைக் கழற்றி உள்ளே கொண்டுபோங்கள், தூண் மட்டும் நிற்கட்டும். புயல் கரை கடக்கும் அந்தச் சில மணி நேரம் கைபேசிதான் துணை. அப்போதும் மாடிக்குப் போகாதீர்கள். புயலின் கண் கடக்கும்போது காற்று அடங்கி வானம் வெளுக்கும், முடிந்துவிட்டது என்று தோன்றும். எதிர்த்திசையிலிருந்து மறுபாதி வரும். வானிலை மையம் கடந்துவிட்டது என்று சொன்ன பிறகே டிஷ்ஷை ஏற்றுங்கள்.

கடலில் இருப்பவர்கள்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. கரையைச் சில பத்து கி.மீ. தாண்டினால் செல்போன் எடுக்காது. அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை. இன்றைக்கு இஸ்ரோவின் இரண்டாம் தலைமுறை அபாய எச்சரிக்கைக் கருவி இருவழியில் பேசும். படகிலிருந்து போன அபாயக் குறி மையத்துக்குக் கிடைத்ததா என்பது படகுக்கே திரும்பி வரும். ஹைதராபாதிலுள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் ஜெமினி கருவி கரையிலிருந்து படகுக்கு வானிலையை மட்டும் அனுப்பும், படகிலிருந்து பதில் சொல்ல முடியாது. இந்த வித்தியாசம் படகில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

செயற்கைக்கோளுக்கு அபாயக் குறி அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கனை உரிமையாளர் பெயரோடும் படகு எண்ணோடும் பதிவு செய்யாவிட்டால், குறி வந்தாலும் யார் என்று தெரியாமல் தேடுதல் தாமதமாகும். சோதிக்க அதன் சோதனைப் பொத்தானை மட்டும் பயன்படுத்துங்கள். தவறுதலாக இயங்கிவிட்டால் அணைத்துவிட்டு உடனே கடலோரக் காவல் படைக்கு 1554இல் சொல்லிவிடுங்கள்.

மீளும் வாரங்கள்

முதல் வாரம் முடிந்ததும் அதே விசாட்டின் வேலை மாறும். ரேஷன் கடைக் கருவி, வங்கிப் பிரதிநிதியின் கைரேகைக் கருவி, பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு எல்லாம் சிறு சிறு தரவுகள்தான். மெதுவான லைனும் தாங்கும். பகலில் இவற்றுக்கு, இரவு 10க்கு மேல் பயனாளிப் பட்டியலும் புகைப்படங்களும் ஏற்ற என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

செல்போன் டவர் ஒன்று ஊமையாக நின்றால் முதலில் கேட்க வேண்டியது: மின்சாரம் இல்லையா, ஃபைபர் இல்லையா? மின்சாரம் இல்லையென்றால் செயற்கைக்கோள் எதுவும் செய்யாது, டீசல்தான் தேவை. மின்சாரம் இருந்து ஃபைபர் அறுந்திருந்தால், அந்த டவருக்குச் செயற்கைக்கோள் வழியாக இணைப்புக் கொடுத்து ஊரையே பேசவைக்கலாம். இதைத் தெளிவாக எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினால் சரியான வண்டி வரும். எழுதாவிட்டால் டீசல் கேட்ட இடத்துக்கு ஆன்டெனாவும், ஆன்டெனா கேட்ட இடத்துக்கு டீசலும் வரும்.

முகாம் கலைந்ததும் டிஷ்ஷையும் சட்டத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடற்காற்றின் உப்பு ஒரு மாதத்தில் போல்ட்டை இறுக்கிவிடும். ஒவ்வொன்றையும் கழற்றி, கிரீஸ் தடவி மாட்டுங்கள். கைபேசி பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிரப்பி, ஒரு அழைப்புப் போட்டு, தேதியை டப்பாவின் மூடியிலேயே எழுதுங்கள்.